இரும்பில் எழுதிய ஆண்டும் இரும்பின் ஆண்டும்



1881-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் ஃபோர்ட் சம்னர் என்ற சிற்றூர். அங்கே பீட் மேக்ஸ்வெல் என்பவரின் வீட்டில், விளக்கில்லாத படுக்கையறையில், ஷெரீஃப் பேட் காரெட் தன் ரிவால்வரை எடுத்துச் சுட்டார். விழுந்தவன் சட்டம் தேடிய குற்றவாளி பில்லி தி கிட். அந்த ரிவால்வர் 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு வந்தது. அறுபது லட்சம் டாலருக்கும் கூடுதலாக விலை போனது.

அவ்வளவு பணம் கொடுக்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி, அந்த ரிவால்வர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதுதான். 1881 ஜூலைக்குப் பிறகு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். காரெட் அதை 1880 டிசம்பரில், ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லியின் கூட்டாளிகளைப் பிடித்தபோது, பில்லி வில்சன் என்பவனிடமிருந்து கைப்பற்றினார் என்பது வரலாறு. அப்படியானால் 1880 முடிவதற்குள் அது செய்யப்பட்டு, விற்கப்பட்டு, ஒரு திருடனின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இது மேல் எல்லை. கீழ் எல்லையும் ஒன்று உண்டு. அது .44-40 தோட்டா போடும் கோல்ட் ரிவால்வர். வின்செஸ்டர் நீள்துப்பாக்கிக்கென்று வந்த அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரைச் செய்யத் தொடங்கியது 1878 வாக்கில்தான். ஆக, எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே 1878-க்கும் 1880-க்கும் இடையில் ஒரு சிறு இடைவெளிதான் மிஞ்சுகிறது. அதன் வரிசை எண் 55093. அந்த வகை ரிவால்வர்களின் எண்பட்டியலில் 1880-ஆம் ஆண்டு 53,000-இல் தொடங்கி 62,000 வரை போகிறது. எண் அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பழைய ரிவால்வரின் வயதைக் கணிப்பது என்றால் இதுதான் வேலை. எண் ஒன்றைச் சொல்கிறது, தோட்டாவின் அளவு ஒன்றைச் சொல்கிறது, ஆளின் வாழ்க்கை வரலாறு ஒன்றைச் சொல்கிறது. மூன்றும் ஒன்றையொன்று மறுக்காமல் நின்றால் ஆண்டு கிடைக்கும். ஒற்றைச் சாட்சியை நம்பி ஆண்டு சொல்லக் கூடாது என்பதே இன்று நான் உங்களிடம் வலியுறுத்த வந்தது. நான் பட்டறையில் வேலை செய்து பழகியவன். இரும்பில் அடித்த எழுத்தை எல்லோரும் சட்டென்று நம்பிவிடுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். எழுத்து பொய் சொல்லாது, உண்மைதான். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று பார்க்காமல் நாம்தான் ஏமாறுகிறோம்.

கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற புகழ்பெற்ற ரிவால்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். கௌபாய் படம் பார்த்த எல்லோருக்கும் அதன் உருவம் தெரியும். அதன் சட்டகத்தின் இடப்பக்கத்தில், உருளைக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் தேதிகள் அடித்திருக்கும். 1871 செப்டம்பர் 19. 1872 ஜூலை 2. பிற்காலத்தில் அடித்தவற்றில் 1875 ஜனவரி 19 என்று மூன்றாவது தேதியும் சேர்ந்திருக்கும். வீட்டுப் பரணில் கிடந்த தாத்தா காலத்து ரிவால்வரைக் கையில் எடுக்கும் பேரன் அந்த 1871-ஐப் படித்துவிட்டு, இது 1871-இல் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான். 1871-இல் அப்படி ஒரு ரிவால்வரே கிடையாது. அது உற்பத்திக்கு வந்தது 1873-இல். சட்டகத்தில் இருப்பவை காப்புரிமை வழங்கப்பட்ட நாள்கள். இந்த அமைப்பு எங்களுடையது, யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று மற்றத் தொழிற்சாலைகளுக்கு விடுத்த எச்சரிக்கை அது. 1900-க்குப் பிறகு செய்த ரிவால்வரிலும் அதே 1871 இருக்கும். ஆகவே அந்தத் தேதியால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்: அந்தத் தேதிக்கு முன்னால் இந்தப் பொருள் இந்த வடிவில் செய்யப்படவில்லை. மூன்றாவது தேதியும் இருந்தால் 1875-க்கு முன்னால் போக முடியாது. அவ்வளவுதான் அதன் சாட்சியம். ஆனால் அது உறுதியான சாட்சியம்.

காப்புரிமைத் தேதி சில நேரங்களில் இதைவிடப் பெரிய உதவி செய்யும். அதற்கு ரோலின் ஒயிட் என்பவரின் கதையைச் சொல்ல வேண்டும். உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுக்கத் துளைத்து, பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகலாம் என்ற அமைப்புக்கு அவர் 1855 ஏப்ரல் 3-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். இன்று பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு ரிவால்வர் என்றால் உருளையின் முன்பக்கம் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து இடித்து, பின்னால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொட்டுத் தொப்பியைச் செருகிச் சுட வேண்டும். உலோகக் கூட்டுக்குள் மருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த தோட்டா வந்த பிறகு, பின்பக்கத் துளை இல்லாமல் எதுவும் நடக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அந்த உரிமையை ஒயிட்டிடமிருந்து பெற்று, 1857-இல் தன் முதல் சிறு ரிவால்வரை மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு ரிவால்வருக்கும் ஒயிட்டுக்கு 25 சென்ட். ஆனால் யாராவது அந்த உரிமையை மீறினால் வழக்கு நடத்த வேண்டியவர் ஒயிட்தான், செலவும் அவருடையது. வந்த பணத்தில் பெரும் பங்கு வக்கீல்களுக்கே போனது.

இந்த ஏற்பாட்டால் 1869 ஏப்ரல் 3 வரை, அமெரிக்காவில் வேறு எவரும் அனுமதியின்றிச் சட்டப்படி அந்த வகை உருளையைச் செய்ய முடியவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த காலம் முழுக்க இதற்குள் வருகிறது. கோல்ட் போன்ற பெரிய நிறுவனமே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. காப்புரிமைக் காலத்தை நீட்டித் தரும்படி ஒயிட் கேட்டார். அதற்கான சட்ட முன்வரைவு காங்கிரஸில் நிறைவேறியும், ஜனாதிபதி கிராண்ட் 1870 ஜனவரியில் அதை நிராகரித்தார்.

வயது கணிக்கிறவருக்கு இந்த வழக்குகள் பெரிய வரம். அந்த இடைக்காலத்தில் சிலர் காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போக விசித்திரமான உருளைகளைச் செய்தார்கள். முன்பக்கமாகவே தோட்டாவைச் செருகும் அமைப்பு ஒன்று. தோட்டாவின் பின்னால் சிறு காம்பு நீட்டிக்கொண்டிருக்க, அது நுழையும் அளவுக்கு மட்டும் உருளையின் பின்புறத்தில் ஊசித்துளை போட்ட மூர் நிறுவனத்தின் ரிவால்வர் இன்னொன்று. காப்புரிமை உயிரோடு இருந்தபோதுதான் இப்படிச் சுற்றி வளைக்கத் தேவை இருந்தது. இன்னும் சிலர் துணிந்து நகல் எடுத்து, வழக்கில் தோற்றார்கள். தோற்றவர்களின் கையிருப்பில் இருந்த ரிவால்வர்களில், இவை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்யப்பட்டவை என்ற பொருளில் ஒரு வரி அடிக்க வேண்டி வந்தது. மூர், பாண்ட் ஆகியோரின் ரிவால்வர்களில் அந்த வரியை இன்றும் பார்க்கலாம். அதைக் கண்டால், வழக்கு முடிந்து, காப்புரிமை முடியாத அந்தச் சில ஆண்டுகளுக்குள் நீங்கள் நிற்கிறீர்கள் என்று பொருள். வரிசை எண்ணும் தொழிற்சாலைப் பதிவும் இல்லாமலே ஒரு நீதிமன்றத் தோல்வி ஆண்டைச் சொல்லிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இதுதான்.

இனி வரிசை எண்ணுக்கு வருவோம். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் எண்கள் 1873-இல் 1-இல் தொடங்கி, 1940-இல் உற்பத்தி நின்றபோது 3,57,000-ஐத் தாண்டியிருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தொலைக்காட்சியில் கௌபாய்த் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1956-இல் அதே ரிவால்வரை மறுபடி செய்யத் தொடங்கினார்கள். அவற்றின் எண்களோடு எஸ்.ஏ. என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பழைய பட்டியலில் தேடினால் எண்பது ஆண்டு பிசகும்.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1875-க்கு 15,000, 1876-க்கு 22,000, 1877-க்கு 33,000 என்று முழு ஆயிரங்களாகவே ஓடும். எந்தத் தொழிற்சாலையும் டிசம்பர் 31 மாலையில் சரியாக ஆயிரத்தில் எண்ணை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. பதிவேடுகளிலிருந்து பிற்பாடு தொகுத்த மதிப்பீடு அது. எல்லைக்குப் பக்கத்தில் வரும் எண்ணை முந்தின ஆண்டு என்றோ பிந்தின ஆண்டு என்றோ சத்தியம் செய்ய முடியாது. நடுவில் இருக்கும் எண்ணை நம்பலாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விஷயத்தில் சிக்கல் இதைவிடப் பெரிது. அவர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக 1-இலிருந்து எண் போட்டார்கள். எனவே 12,000 என்ற எண் உள்ள ரிவால்வர்கள் ஒரு டஜன் மாதிரிகளில் இருக்கலாம். மாதிரி எது என்று தெரியாமல் எண்ணால் ஒரு பயனும் இல்லை. அதற்கும் மேலே, எண் என்று நினைத்து எண்ணல்லாததைப் படிக்கும் பழக்கம். பழைய இரட்டை இயக்க ரிவால்வரில் உருளையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளினால், உருளையைத் தாங்கும் கையும் சட்டகமும் சேரும் மூலையில் ஒரு எண் பளிச்சென்று தெரியும். பார்த்தவுடன் அதைக் குறித்துக்கொள்வார்கள். அது தொழிலாளர்கள் தங்கள் வசதிக்காக அடித்துக்கொண்ட பொருத்து எண். ஒரு சட்டகத்தோடு அரம் போட்டுப் பொருத்திய கை, மெருகுக்கும் சாயத்துக்கும் பிரிந்து போய்விட்டுத் திரும்பும்போது வேறொரு சட்டகத்தோடு சேர்ந்துவிடக் கூடாது. அதற்காக இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தி வைப்பார்கள். பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பகுதியில் இருக்கும். பிற்காலத்தில் யாராவது பெரிய மரப்பிடி மாட்டியிருந்தால் அது அந்த அடிப்பகுதியை முழுக்க மூடிவிடும். அதனால்தான் இத்தனை பேர் மூலையில் தெரியும் எண்ணைப் படித்து ஏமாறுகிறார்கள். பிடியைக் கழற்றினால் எண் தெரியும். அதே எண் உருளையின் பின்முகத்திலும், குழலின் அடிப்பக்கத்திலும், பல நேரங்களில் வலப்பக்கப் பிடியின் உட்புற மரத்திலும் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் அந்த ரிவால்வர் பிறந்தபடியே இருக்கிறது.

எண் அழிந்துபோன, அல்லது எண்ணின் மேல் சந்தேகம் இருக்கிற ரிவால்வருக்கு உடலமைப்பே துணை. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் கம்பி ஒன்று குழலின் பக்கத்தில் ஓடும். அதன் நுனியில் விரல் வைக்கும் பகுதி 1882 வாக்கு வரை நடுவில் குழி விழுந்த முழு வட்டமாக இருக்கும். பிறகு பிறைவடிவமாக மாறிவிட்டது. உருளையின் அச்சைப் பிடித்து நிறுத்தும் திருகு முதலில் சட்டகத்தின் முன்முகத்தில் இருந்தது. 1890-களில் அந்தத் திருகு போய், பக்கவாட்டில் அழுத்தும் வில்பூட்டு வந்தது. 1896-க்குப் பிறகு பழைய திருகு கிடையாது. சேகரிப்பாளர்கள் முதல் வகையைக் கருமருந்துச் சட்டகம் என்றே அழைக்கிறார்கள். புகையில்லா மருந்துக்கு உத்தரவாதம் தரக் கோல்ட் நிறுவனம் துணிந்தது 1900 வாக்கில்தான். எனவே இந்த வேறுபாடு பாதுகாப்பு விஷயமும்கூட. கடின ரப்பர் பிடி 1882-இல் வந்தது, அதில் கழுகுச் சின்னம் இருந்தால் 1896-க்கு முந்தியது. ஆனால் பிடி என்பது ஒரு திருகைக் கழற்றி மாற்றக்கூடிய பொருள். அதன் சாட்சியத்துக்குக் கடைசி இடம்தான் கொடுக்க வேண்டும்.

பாகம் மாறிய ரிவால்வர்கள் என்றால் எல்லோரும் மோசடி என்றே நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ராணுவம் 1873-இல் குதிரைப்படைக்காக 8,000 சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிகளை முதல் தவணையாக வாங்கியது. ஏழரை அங்குலக் குழல், .45 தோட்டா, ஒரே மரத்தில் செதுக்கிய வால்நட் பிடி, சட்டகத்தில் யு.எஸ். என்ற முத்திரை. ஒவ்வொன்றையும் அரசுப் பரிசோதகர் பார்த்து, தேறிய பாகங்களில் தன் எழுத்தைக் குத்துவார். தொடக்க ஆண்டுகளில் அந்தப் பரிசோதகர் ஓர்வில் ஐன்ஸ்வொர்த். குழலிலும் உருளையிலும் சட்டகத்திலும் ஆங்கில ஏ எழுத்து கடுகளவில் இருக்கும். பிடியின் மரத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். பின்னால் வந்த டேவிட் கிளார்க், ரினால்டோ கார் போன்றவர்களுக்கும் அவரவர் எழுத்துகள் உண்டு. யார் எந்த ஆண்டுகளில் பரிசோதகராக இருந்தார் என்பது தெரியும் என்பதால், அந்த எழுத்தே ஒரு நாள்காட்டி. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்டரோடு மடிந்த ஏழாம் குதிரைப்படையினர் ஏந்தியிருந்தவை இந்தத் தொடக்ககால ரிவால்வர்கள்தாம். ஏ எழுத்து உள்ளவற்றின் விலை ஏறியதற்கும், போலி ஏ எழுத்துகள் பெருகியதற்கும் அந்தப் போர்க்களமே காரணம்.

1892-இல் ராணுவம் .38 தோட்டா போடும் புதிய ரிவால்வருக்கு மாறியது. பழைய .45-கள் கிடங்குக்குத் திரும்பின. 1895-இலிருந்து அவற்றைப் புதுப்பித்து மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் வந்த ரிவால்வர்களைப் பிரித்து, பாகங்களைச் சுத்தம் செய்து, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததோடு பூட்டினார்கள். ஆயுதம் அவசரமாக வேண்டியிருந்த நேரத்தில் சட்டகத்தின் எண்ணும் பிடியின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இவற்றைத்தான் இன்று ஆர்ட்டிலரி மாதிரி என்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தால் சட்டகத்தின் அடியில் ஒரு எண், விசைக்காப்பு வளையத்தில் இன்னொரு எண், முதுகுப்பட்டையில் மூன்றாவது எண். 1874-இல் பரிசோதித்த உருளை 1880-களின் சட்டகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மரப்பிடியில் கடைசிப் பரிசோதகரான காரின் முத்திரை இருக்கும். திருப்பணியின்போது கல்வெட்டுக் கற்களை இடம் மாற்றி அடுக்கிய கோயில் சுவரைப் படிப்பது போன்ற வேலை இது. ஒவ்வொரு கல்லும் உண்மை, வரிசைதான் மாறியிருக்கிறது.

குதிரைப்படை மாதிரியில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மதிப்பு குறைகிறது. ஆர்ட்டிலரி மாதிரியில் எண்கள் ஒத்துப்போகாததே பெரும்பாலும் அதன் உண்மைக்கு அடையாளம். இந்த ரிவால்வர் எந்த ஆண்டில் செய்தது என்று அதன் உரிமையாளர் கேட்டால் என்ன சொல்வது? சட்டகம் இந்த ஆண்டு, உருளை அந்த ஆண்டு, இன்றிருக்கும் வடிவத்துக்கு வந்தது 1890-களின் பிற்பகுதி என்று மூன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் மற்ற இரண்டு உண்மைகளை அழித்தவர்கள் ஆவோம். விலைக்காக எண் ஒத்த பாகங்களைத் தேடிப் பிடித்து இப்படிப்பட்ட ரிவால்வரை மறுபடி ‘அசலாக்கும்’ வேலையும் நடக்கிறது. எனக்கு அது வரலாற்றைச் சுரண்டும் வேலையாகவே படுகிறது. 1898-இல் அதைப் பூட்டிய தொழிலாளியின் கைவேலையை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

செய்த ஆண்டு வேறு, அனுப்பிய ஆண்டு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருளாகக் கருதப்படும். 1899-இல் செய்தது சாதாரணத் துப்பாக்கி. ஓர் ஆண்டு வித்தியாசத்தில் விலையும் விதிகளும் மாறிவிடும். இந்தச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது அதன் சட்டகம்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .44 இரட்டை இயக்க ரிவால்வர் 1881 முதல் 1913 வரை விற்பனைப் பட்டியலில் இருந்தது. நியூ மாடல் நம்பர் த்ரீ 1878-இலிருந்து 1912 வரை. ஆனால் இரண்டுக்குமான சட்டகங்கள் அனைத்தும் 1899 பிறப்பதற்கு முன்பே செய்து முடிக்கப்பட்டுவிட்டன. பிறகு வந்த ஆண்டுகளில் தேவைக்கேற்ப எடுத்துப் பூட்டி அனுப்பினார்கள். எனவே 1908-இல் கடைக்குப் போன ஒரு ரிவால்வர், இரும்பின் கணக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள். அனுப்பிய வரிசையும் எண் வரிசை இல்லை. கிடங்கிலிருந்து முன்னால் இருந்ததை எடுத்து அனுப்பியதால், பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னும் போனது உண்டு.

இரண்டாம் உலகப் போர் இந்தத் துறைக்குத் தந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .38 மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரின் எண்கள் 1942-இல் பத்து லட்சத்தை எட்டின. அதற்குப் பிறகு வெற்றியைக் குறிக்கும் வி எழுத்தை முன்னால் போட்டுப் புதிதாக 1-இலிருந்து தொடங்கினார்கள். பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம், கோடு வெட்டாத வழவழப்பான மரப்பிடி, அடியில் கயிறு கோக்கும் வளையம். விக்டரி மாடல் என்று பெயர். 1944 டிசம்பரில் ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் அப்படியொரு ரிவால்வர் கை தவறி விழுந்தது. சுத்தியல் தரையில் மோத, தோட்டா வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையே தடுப்பாக நிற்க வேண்டிய பாகம் தன் வேலையைச் செய்யவில்லை. கடற்படை கேள்வி கேட்டது. மிகக் குறுகிய காலத்தில், விசையை இழுத்தால் மட்டுமே விலகும் புதிய தடுப்புத் தகடு ஒன்றை நிறுவனம் வடிவமைத்தது. புதிய தகடு உள்ள ரிவால்வர்களில் வி எழுத்தோடு எஸ் எழுத்தும் சேர்ந்தது. எஸ் இருக்கிறதா இல்லையா என்பது, அந்த மாலுமியின் மரணத்துக்கு முன்னா பின்னா என்ற எல்லைக்கோடு. ஒரு ரிவால்வரின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. அந்த எழுத்தைப் பட்டியலில் தேடும்போதெல்லாம் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அதே விக்டரி வகையில் பெரும் எண்ணிக்கை பிரிட்டனுக்கும் போனது. போர் முடிந்து அவை பொதுச் சந்தைக்கு வந்தபோது, பிரிட்டிஷ் சட்டப்படி சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரை அடிக்க வேண்டியிருந்தது. குழலில் மூன்றரை டன் அழுத்தம், தோட்டாக் கூட்டின் நீளம் .767 அங்குலம் என்று கொட்டை எழுத்தில் தட்டியிருப்பார்கள். அந்த முத்திரை 1942-இல் பிறந்த பொருளின் பிற்கால வாழ்க்கையைச் சொல்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரையோ இதற்கு மாறாக நேரடியாக உதவும். முட்டைவடிவக் கட்டத்துக்குள் இருக்கும் மூன்று எழுத்துகளின் மேல் கிரீடம் இருந்தால் அது 1893-க்குப் பிந்தைய முத்திரை. பெயரில்லாத பெல்ஜியச் சட்டைப்பை ரிவால்வர்கள் ஏராளம். அவற்றுக்கு இந்தக் கிரீடம்தான் பல நேரங்களில் ஒரே நம்பகமான துப்பு.

கடைசியாகத் தொழிற்சாலைக் கடிதம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டின் பழைய ஏடுகளையும் பார்த்து, கட்டணம் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட எண்ணுள்ள ரிவால்வர் எந்த நாளில், எந்தக் கடைக்கு, எத்தனையோடு சேர்ந்து, என்ன குழல் நீளத்தில், என்ன பூச்சோடு அனுப்பப்பட்டது என்று எழுதித் தரும் ஏற்பாடு உண்டு. சில சமயம் அதில் ஆளின் பெயரே வந்துவிடும். டாட்ஜ் சிட்டியின் புகழ்பெற்ற துப்பாக்கிவீரர் பேட் மாஸ்டர்சன் 1885 ஜூலை 24-ஆம் தேதி, ஒரு மதுக்கூடத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கோல்ட் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குழல் குட்டையாக, முன்குறி கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும், நிக்கல் பூச்சோடு, விசை லேசாக இருக்க வேண்டும் என்று தையல்காரரிடம் அளவு சொல்வதுபோல் கேட்டிருக்கிறார். அப்படியொரு கடிதத்தோடு ஏட்டின் பதிவும் ரிவால்வரின் முன்குறியும் ஒத்துப்போனால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

ஆனால் கடிதம் சொல்வது அனுப்பிய நாளைத்தான், செய்த நாளை அல்ல. கடிதத்தில் ஏழரை அங்குலக் குழல், நீலச் சாயம் என்று இருந்து, கையில் இருப்பது ஐந்தரை அங்குலம், நிக்கல் பூச்சு என்றால், நடுவில் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். அது தொழிற்சாலையே செய்ததாகவும் இருக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் கைப்பிடியின் அடியில், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அது பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து போனது என்று பொருள். பிடியைக் கழற்றினால் உள்ளே சட்டகத்தின் பக்கத்தில் மாதமும் ஆண்டும் சிறு இலக்கங்களாகக் குத்தியிருக்கும். அதையும் பிறந்த தேதி என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆகவே இப்படியொரு பொருள் உங்கள் பொறுப்பில், சட்டப்படியான உரிமத்தோடு இருந்தால், அறைகளில் தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு பிடியின் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் திறந்து, மேலே சொன்ன இடங்களில் எல்லாம் இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழல் நீளத்தை உருளையின் முன்முகத்திலிருந்து குழல் வாய்வரை அளந்து எழுதுங்கள். மெருகு மட்டும் போடாதீர்கள். மெருகுச் சக்கரம் முதலில் தின்பது எழுத்தின் ஓரங்களையும் திருகுத் துளைகளின் விளிம்புகளையும்தான். கடுகளவு ஏ எழுத்து ஒருமுறை தேய்ந்துவிட்டால், அது ஐன்ஸ்வொர்த் அடித்ததா, நேற்று யாரோ அடித்ததா என்று எவராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.